61 சி.சி. உடலில் 72 சி.சி. சிலிண்டர்: பழைய செயின்சாவைப் பெரிதாக்கிக் கட்டுவது பற்றி

கேள்வியின் சாரம் இதுதான்: கையிலுள்ள பழைய ஹஸ்க்வர்னா 61 செயின்சாவில் பிஸ்டன் கீறிப்போய் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது, எப்படியும் சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்னும்போது, 61-க்கு உரியதை விட்டுவிட்டு 272-க்கு உரிய பெரிய சிலிண்டரை வாங்கி மாட்டினால் பொருந்துமா, பொருந்தினால் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்? பொருந்தும். பலர் செய்து பல ஆண்டுகள் ஓட்டிய மாற்றம்தான் இது. ஆனால் சிலிண்டரை மாற்றுவது இந்த வேலையின் மிக எளிய பகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய பிஸ்டன் எதனால் கீறியது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பெரிய இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்குவதால் இன்னும் சற்று விரைவாகவே போகும்.

பொருந்துவதற்குக் காரணம் ஸ்ட்ரோக். 61, 268, 272 ஆகிய மூன்றிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மி.மீ. தான், போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மட்டும் முறையே 48, 50, 52 மி.மீ. என்று கூடுகிறது. அளவுகளைச் சென்டிமீட்டரில் வைத்து, போரின் வர்க்கத்தை 0.7854-ஆல் பெருக்கி, வந்ததை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் கொள்ளளவு கிடைத்துவிடும்: 48 மி.மீ. போருக்கு 61.5 சி.சி., 52 மி.மீ. போருக்கு 72.2 சி.சி. விட்டத்தில் 4 மி.மீ. கூடினாலே கொள்ளளவு ஏறத்தாழ 17 சதவீதம் கூடிவிடுகிறது. இத்தகைய உறவு வேறு குடும்பங்களிலும் உண்டு. ஹஸ்க்வர்னா 365-உம் 372 எக்ஸ்பியும் 36 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்டவை, போர் 48-லிருந்து 50-ஆகும்போது 65.1 சி.சி. 70.7 ஆகிறது. ஸ்டில் 034, 036 இரண்டும் 34 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 46, 48 மி.மீ. போர் உடையவை. நிறுவனம் ஒரே அடிப்பாகத்தை வார்த்து அதன்மேல் இரண்டு மூன்று அளவுச் சிலிண்டர்களை வைத்து விற்றிருக்கிறது. ஆகவே சிறியதை வாங்கியவரின் கிராங்க்கும் பேரிங்கும் பெரியதன் சுமைக்கும் கணக்கிடப்பட்டவையாகவே இருக்கின்றன. அண்ணன் சிலிண்டரைத் தம்பி உடலில் ஏற்றுவது நம்பகமாக இருப்பதன் காரணம் இதுவே.

நிறுவனமே விற்காத அளவுக்குப் போரைப் பெரிதாக்கித் தரும் உதிரிக் கிட்டுகள் வேறு வகை. 372-க்கு 52 மி.மீ. கிட் கிடைக்கிறது, கணக்குப்படி 76.5 சி.சி. வரும். ஆனால் அதே வெளிச்சுற்றளவுக்குள் போரைக் கூட்டியதால் சுவர் மெலிகிறது, கிராங்க் கேஸிலிருந்து கலவையை மேலே கொண்டுவரும் டிரான்ஸ்பர் வழிகள் நெருக்கப்படுகின்றன. பல கிட்டுகளில் எரியறையும் ஆழமாக இருப்பதால் கொள்ளளவு கூடியும் கம்ப்ரஷன் கூடுவதில்லை. இவற்றைவிட ஒழுங்கான அசல் 50 மி.மீ. சிலிண்டரே மரத்தில் நன்றாக இழுக்கும் என்பது என் கருத்து. 365, 372 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பின்னாளில் வந்த எக்ஸ்-டார்க் வகைச் சிலிண்டருக்குக் காற்று தனி வழியாகவும் உள்ளே வருவதால், இன்டேக் ரப்பர், கார்புரேட்டர் எல்லாமே வேறு. பெயர் ஒன்று என்பதற்காகப் பழைய உடலுக்கு அந்தச் சிலிண்டரை வாங்கிவிட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

இனி உங்கள் ரம்பத்துக்கு வருவோம். கழற்றிய பிஸ்டனைத் துடைப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் எக்சாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து சூடேறியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கார்புரேட்டர் திருகு இறுக்கமாக இருந்திருக்கும், அல்லது எங்கோ காற்றுக் கசிவு இருக்கும். நான்கு புறமும் சுற்றிக் கீறியிருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. இன்டேக் பக்கம் மங்கலாக, மணல்தாளால் தேய்த்தது போலிருந்தால் ஏர் ஃபில்டரின் விளிம்பு சரியாக அமராமல் தூசி உள்ளே போயிருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்தால்தான் அடுத்து எங்கே தேடுவது என்று தெரியும். பழைய சிலிண்டரையும் உடனே வீசிவிட வேண்டாம். சுவரில் ஒட்டியிருப்பது பல சமயங்களில் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம் மட்டுமே. நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு அதன் அடியில் நலமாக இருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தில் மட்டும் தொட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். பூச்சு உரிந்த இடத்திலோ துளைகளின் விளிம்பிலோ அமிலம் பட்டால் சிலிண்டரின் உலோகத்தையே அரித்துவிடும் என்பதால் கையுறை, கண்ணாடி, பொறுமை மூன்றும் வேண்டும். மீண்டுவிட்டால் அந்தச் சிலிண்டர் இன்னொரு 61-க்கு ஆகும்.

சிலிண்டர் கழன்று கிராங்க் வெளியே தெரியும் இந்த நேரத்தில்தான் அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளினால் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. கிராங்கின் இரு முனைகளையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். பேரிங்கில் கரகரப்போ ஆட்டமோ தென்பட்டால் கிராங்க் கேஸைப் பிளந்து பேரிங்கை மாற்றாமல் மேலே எதையும் மாட்டுவதில் பயனில்லை. பேரிங் நன்றாக இருந்தாலும் இரண்டு பக்க ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவது நல்லது. இருபது, முப்பது ஆண்டு பழைய ரப்பரை நம்பிப் புதிய சிலிண்டரை வைப்பது சரியான கணக்கு அல்ல.

சீலை எடுக்கக் கிளட்சைக் கழற்ற வேண்டும். அதற்குக் கிராங்க் சுழலாமல் நிற்க வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் கயிற்றை ஸ்பார்க் பிளக் துளை வழியாக உள்ளே திணித்துப் பிஸ்டனை அதன்மேல் முட்டவைப்பதே பாதுகாப்பான வழி. ஆகவே கிளட்சையும் ஃபிளைவீலையும் பழைய சிலிண்டர் மாட்டியிருக்கும்போதே தளர்த்திவிட்டால் வேலை எளிது. பிஸ்டன் எக்சாஸ்ட் வாயைக் கடந்து மேலேறிய பிறகே கயிற்றை விட வேண்டும். அதற்கு முன் விட்டால் கயிறு அந்த வாய்க்குள் நுழைந்து, பிஸ்டன் விளிம்புக்கும் துளைக்கும் நடுவே நசுங்கும். கிளட்சுக்கு இடது மரை என்பதை மறந்து முழு பலத்தோடு தவறான பக்கம் திருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் ஒருமுறை இருந்தேன்.

சிலிண்டர் அமரும் கிராங்க் கேஸின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சீவுளியால் எடுங்கள். கேஸ் மக்னீசியக் கலவை உலோகம். இரும்புக் கத்தி பட்டால் கோடு விழும், அந்தக் கோடு பின்னால் கசிவாகும். அதே காரணத்தால் போல்ட் மரைகளும் மென்மையானவை. மரை தேய்ந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் இப்போதே ஹெலிகாயில் (தேய்ந்த மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச்சுருள்) போட்டுவிடுங்கள். கடைசி இறுக்கத்தில் அது கழன்று வருவதைவிடக் கொடுமை வேறில்லை. சுரண்டும்போது கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிய பிஸ்டன் வந்ததும் பழையதன் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பிஸ்டன் பின்னின் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரத்தையும் வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல ஆண்டுகள் விற்ற ரம்பங்களில் இடையிடையே சிறு மாற்றங்கள் நடந்திருக்கும் என்பதால் கடைக்காரரின் சொல்லைவிட உங்கள் வெர்னியரை நம்புவது மேல். ரிங் போடாமல் பிஸ்டனை ராடில் மாட்டி, சிலிண்டரை வைத்து, கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிஸ்டனின் பாவாடை, அதாவது அதன் கீழ்ச்சுவர், கிராங்கின் எதிர் எடையில் உரசுகிறதா, சிலிண்டரின் அடிப்பகுதி கேஸின் வாய்க்குள் தடையின்றி அமர்கிறதா, கேஸில் உள்ள டிரான்ஸ்பர் வழியும் சிலிண்டரில் உள்ளதும் நேர்நேராக நிற்கின்றனவா என்பவை அந்த ஒரு சுற்றில் தெரிந்துவிடும்.

அடுத்து வருவது ஸ்குவிஷ் இடைவெளி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே எஞ்சும் இடம். 1 முதல் 1.5 மி.மீ. கனமுள்ள மெல்லிய சால்டரிங் ஈயக் கம்பியை எடுத்து நுனியைச் சற்று வளைத்து, பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரில் முட்டும்வரை விடுங்கள். பிஸ்டன் பின் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில், அதாவது ரம்பத்தின் இடது வலது பக்கங்களில், விட வேண்டும். முன்பின்னாக விட்டால் பிஸ்டன் பின்னின்மீது சாய்ந்துகொடுத்துத் தவறான அளவைக் காட்டும். ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் கம்பியின் நுனி தகடாக நசுங்கியிருக்கும். அந்தத் தகட்டின் மிக மெல்லிய இடமே உங்கள் இடைவெளி. பேக்கிங்குடன் 0.8 அல்லது 1 மி.மீ. காட்டினால் வியப்பில்லை. 0.5 மி.மீ. அளவுக்கு நெருங்கினால் எரிதல் விரைவாகும், கம்ப்ரஷனும் ஏறும். அரை மி.மீ. பேக்கிங்கை எடுத்துவிட்டு வெப்பம் தாங்கும் சீலன்ட்டை மட்டும் மெல்லியதாகப் பூசி மாட்டும் வழக்கம் இதனால்தான் வந்தது. ஆனால் 0.9 காட்டியவர் அரை மி.மீ. பேக்கிங்கை எடுத்தால் 0.4-இல் நிற்பார்; அது முழு வேகத்தில் ராடு நீளும்போதும் கரி படியும்போதும் பிஸ்டன் தலையைத் தொட்டுவிடக்கூடிய ஆபத்தான இடம். அப்போது மெல்லிய பேக்கிங் ஒன்றை வெட்டிப் போடுவதே அறிவு. ஸ்டில் 029-ஐ 039 ஆக்குபவர்களுக்கு, அதாவது 46 மி.மீ. போரை 49 ஆக்கி 56.5 சி.சி.யை 64.1-க்குக் கொண்டுபோகிறவர்களுக்கு, இந்த வாய்ப்பே இல்லை; அவற்றில் பேரிங்கின் மேல்பாதியைச் சிலிண்டரும் கீழ்ப்பாதியைத் தனித் தட்டும் பிடித்துக்கொள்வதால் தொடக்கத்திலிருந்தே பேக்கிங் கிடையாது, சீலன்ட் மட்டும்தான். அதற்குப் பதிலாக, கிராங்கை அப்படியே தூக்கி எடுத்துச் சீல் மாற்றும் வசதி அவர்களுக்கு உண்டு.

ரிங்கைப் பிஸ்டனில் போடுவதற்கு முன், வெறும் ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 52 மி.மீ. போருக்கு 0.2 மி.மீ. அளவாவது இருக்க வேண்டும்; குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும். பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு சிறு ஊசி இருக்கும். ரிங்கின் வாய் அதன் இருபுறமும் அமர வேண்டும். ரிங் சுழன்று அதன் முனை துளைக்குள் மாட்டிக்கொள்ளாமல் காப்பது அந்த ஊசிதான். பிஸ்டன் தலையின் அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம் நிற்கட்டும். பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் எப்போதும் புதியதாகவே இருக்க வேண்டும், அதன் வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் விசையிலேயே அது நழுவக்கூடும். மலிவான சிலிண்டரானால் துளைகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். நுண்ணிய மணல்தாளால் அந்த விளிம்பை மட்டும் லேசாக மழுக்கிவிட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் ரிங் அங்கேதான் பூச்சைப் பெயர்க்கத் தொடங்கும்.

மாட்டி முடித்த உடன் கயிற்றை இழுத்துவிட ஆசை வரும். அதற்கு முன் கசிவுச் சோதனை. சைலன்சருக்கு அடியில் ரப்பர்த் துண்டை வைத்து இறுக்கி எக்சாஸ்ட் வாயை அடைத்து, இன்டேக் பக்கத்தையும் தகட்டால் அடைத்து, கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் துளை வழியாகக் கைப் பம்பால் 0.5 பார் அழுத்தம் ஏற்றினால் அது 20 நொடியாவது இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு 0.5 பார் வெற்றிடம். 20 நொடியில் அது 0.3-க்குக் கீழே போகக் கூடாது. சோதனையின்போது கிராங்கை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு சோதனையும் தேவையா என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய ஒரு ரம்பம் அழுத்தத்தை அருமையாகத் தாங்கியது. வெற்றிடச் சோதனையைச் செய்யாமல் விட்டேன். நான்காவது டாங்க் முடிவதற்குள் புதிய பிஸ்டன் எக்சாஸ்ட் பக்கம் கீறி நின்றுவிட்டது. கிளட்ச் பக்க ஆயில் சீல் வெற்றிடத்தில் மட்டும் உதட்டைத் தூக்கிக் காற்றை உள்ளே விட்டிருக்கிறது. உள்ளிருந்து வரும் அழுத்தம் சீலின் உதட்டைத் தண்டோடு சேர்த்து அமுக்கும். வெற்றிடம் அதைப் பிரிக்கப் பார்க்கும். இன்ஜின் ஓடும்போது இரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கின்றன.

இன்டேக் ரப்பரை விரலால் நெளித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் புதியது போடுங்கள். கார்புரேட்டரின் பேக்கிங்கைத் திருப்பி மாட்டினால் இம்பல்ஸ் துளை மூடிக்கொள்ளும். அந்தத் துடிப்பில்தான் கார்புரேட்டருக்குள் இருக்கும் பம்ப் டயாபிரம் பெட்ரோலை இழுக்கிறது என்பதால் ரம்பம் ஒரு நொடி பேசிவிட்டு அடங்கிவிடும். இருக்கும் கார்புரேட்டர் நல்ல நிலையில் இருந்தால் புதிய டயாபிரம் கிட் போட்டு அதையே பயன்படுத்தலாம்; கூடுதல் கொள்ளளவுக்கு உயர் வேகக் கலவையைக் கட்டுப்படுத்தும் எச் திருகைச் சற்றுத் திறக்க வேண்டியிருக்கும். உச்ச வேகத்தில் மூச்சு முட்டுகிறது என்று உறுதியாகத் தெரிந்தபின் பெரிய வென்ச்சூரியை (கார்புரேட்டருக்குள் காற்று போகும் குறுகிய வழி) பற்றி யோசிக்கலாம். சைலன்சரின் வெளிவாய் சிறியதாக இருந்தால் அதைத் திறந்துவிடுவது கார்புரேட்டரை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும், ஏனெனில் வெளியேறாத சூடான புகைதான் பெரிய பிஸ்டனுக்கு முதல் எதிரி. அதற்காகத் தீப்பொறி தடுக்கும் வலையைக் கழற்றி எறிய வேண்டாம். காய்ந்த சருகில் நின்று வேலை செய்யும் கருவி இது. ஃபிளைவீலைத் திரும்ப மாட்டும்போது அதைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சாவி நசுங்கவில்லை என்று பார்த்து, காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே 0.3 மி.மீ. விட்டுக் கட்டுங்கள்.

டியூனிங்கை எல் (தாழ் வேகத் திருகு), எச் இரண்டையும் ஒரு முழுச் சுற்றுத் திறந்த நிலையிலிருந்து தொடங்கலாம். சூடேறிய பின் சுமையின்றி முழு வேகத்தில் பிடித்தால் ஓசை சற்று உடைந்து குழறுவது போல் கேட்க வேண்டும்; மரத்தில் இறக்கியதும் அந்தக் குழறல் தெளிந்து சீரான ஒலியாக வேண்டும். மரத்துக்கு வெளியிலேயே கீச்சென்று தெளிவாகப் பாடினால் கலவை மெலிந்துவிட்டது, எச் திருகைத் திறக்க வேண்டும். சுழற்சிமானி இருந்தால் கையேட்டிலுள்ள உச்ச அளவுக்குச் சில நூறு சுற்று கீழேயே நிறுத்துங்கள். பிற்கால ரம்பங்கள் சிலவற்றில் காயிலே வேகத்தை வெட்டும். அந்த வெட்டல் ஓசையைக் குழறல் என்று நினைத்து ஏமாறுவது எளிது. எரிபொருளில் ஐயம் வேண்டாம்: நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி., அதாவது 50-க்கு 1. முதல் சில டாங்குகளுக்கு 25 மி.லி. ஊற்றுவது என் பழக்கம். ஆயிலைக் கூட்டினால் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது என்பதால், எந்தக் கலவையில் ஓட்டப் போகிறோமோ அதிலேயே டியூன் செய்ய வேண்டும்.

17 சதவீதக் கூடுதல் கொள்ளளவு தரும் பலத்தை நீளமான பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டுக்கு, பயன்படுத்தலாம், ஆனால் பார் நீளும்போது செயின் ஆயில் நுனிவரை போகிறதா என்று பாருங்கள். வெளிர்நிற மரக்கட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நுனியைப் பிடித்து வேகம் கொடுத்தால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் பம்ப் போதவில்லை. கிளட்ச் ஷூவும் டிரம்மும் தேய்ந்திருந்தால் பழைய இன்ஜினிடம் வழுக்காதது புதியதிடம் வழுக்கும். செயின் பிரேக் பட்டையின் கனத்தையும் இதே மேசையில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இப்போது அது நிறுத்த வேண்டிய இன்ஜின் வேறு.

முதல் டாங்கில் நீண்ட அறுப்பு வேண்டாம். சிறு கிளைகளை அறுத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். அது முடிந்து முழுவதும் ஆறியபின் சிலிண்டர் போல்ட்டுகளையும் சைலன்சர் போல்ட்டுகளையும் குறுக்காக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு சற்று நகரும். மூன்றாவது டாங்க் முடிந்ததும் சைலன்சரை எடுத்துவிட்டு எக்சாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். எந்திரத்தில் கடைந்த குறுக்குக் கோடுகள் பாவாடையில் இன்னும் அப்படியே தெரிந்தால் கலவை சரி, சீல் சரி. பளபளப்பான நெட்டுக்கோடு ஒன்றாவது தொடங்கியிருந்தால் அன்றே நிறுத்திவிட்டு மீண்டும் வெற்றிடப் பம்பை எடுங்கள்.